மியூவானின் கடைசி நான்கு இலக்கங்கள்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் மவுண்ட் ஆபர்ன் என்றொரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே இயற்பியலாளர் ஜூலியன் ஷ்விங்கரின் கல்லறைக் கல்லில், அவர் பெயருக்கு மேலே, சின்னதாக ஒரு கோவையை வெட்டியிருக்கிறார்கள்: ஆல்ஃபாவை இரண்டு பையால் வகுத்தது. ஆல்ஃபா என்பது மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் எண். 137-இல் ஒரு பங்குக்கு மிக அருகில் இருக்கும். வகுத்துப் பார்த்தால் 0.00116 வரும். 1947 முடிகிற நாட்களில் ஷ்விங்கர் கண்டடைந்த இந்த விடை அடுத்த ஆண்டு அச்சேறியது.

2025 ஜூன் 3 அன்று சிகாகோவுக்கு அருகில் உள்ள ஃபெர்மி ஆய்வகம் ஓர் எண்ணை அறிவித்தது: 0.001165920705. கல்லில் இருக்கும் அதே எண்தான் இது. 78 ஆண்டுகளில் வலப்பக்கம் வளர்ந்திருக்கிறது. இதில் 0.0011659 வரைக்கும் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு அடுத்த நான்கு இலக்கங்களில்தான் வழக்கு. ஃபெர்மி ஆய்வகத்தின் அளவீட்டில் அவை 2070. கோட்பாட்டாளர்கள் 2020-இல் கணக்கிட்டுச் சொன்னபோது அவை 1810. ஐந்து ஆண்டுகள் கழித்து அவர்களே சொன்னது 2033. இந்த நான்கு இலக்கங்களின் பின்னால் மூன்று கண்டங்களில் சில நூறு பேரின் உழைப்பு இருக்கிறது. ஒரு கழித்தல் குறி தவறியதும் இருக்கிறது, ஒரு காந்த வளையத்தின் கடல் பயணமும் இருக்கிறது.

பாடநூல்கள் அறிவியலைச் சொல்லும் முறை நமக்குத் தெரியும். கோட்பாடு ஒன்றைக் கணிக்கும், சோதனை அதைச் சரிபார்க்கும், பொருந்தாவிட்டால் கோட்பாடு விழும். இந்த எண்ணின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிற எனக்கு அந்தச் சித்திரம் போதாது என்று தோன்றுகிறது. இங்கே கோட்பாடு என்று நாம் அழைப்பதற்குள்ளேயே வேறு பல சோதனைகள் ஒளிந்திருக்கின்றன. எந்தச் சோதனையை நம்புவது என்ற கேள்விதான் கடைசியில் வழக்கின் மையமாக ஆனது.

எண் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

சாட்டையைச் சுண்டி விட்ட பம்பரம் வேகம் குறையும்போது தலையாட்டும். தன்னைச் சுற்றிக்கொண்டே அதன் அச்சும் மெல்ல ஒரு வட்டம் போடும். எலெக்ட்ரான் போன்ற மின்னூட்டம் கொண்ட துகளுக்குத் தற்சுழற்சி உண்டு. அதனால் அது ஒரு குட்டிக் காந்தமாகவும் இருக்கிறது. காந்தப்புலத்தில் வைத்தால் அந்தக் காந்தத்தின் அச்சு பம்பரம்போலத் தலையாட்டும். எவ்வளவு வேகமாக ஆட்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணை ஜி என்று குறிப்பார்கள். 1928-இல் பால் டிராக் எழுதிய சமன்பாட்டிலிருந்து ஜி சரியாக 2 என்று வந்தது. 1947-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாலிகார்ப் குஷ்ஷும் ஹென்றி ஃபோலியும் அளந்தபோது இரண்டைவிடத் துளி அதிகம் இருந்தது.

அந்தத் துளிக்குக் காரணம் வெற்றிடம் வெறுமையாக இல்லாததுதான். குவாண்டம் கோட்பாட்டின்படி துகள் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை. ஓர் ஒளித்துகளை வெளியிட்டு உடனே தானே விழுங்கிக்கொள்ளும். அந்த ஒளித்துகள் இடையில் ஓர் எலெக்ட்ரானாகவும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானாகவும் பிரிந்து மீண்டும் சேரும். கண்ணுக்கோ கருவிக்கோ நேரடியாகச் சிக்காத இந்தக் கணநேரத் துகள்களை மெய்நிகர் துகள்கள் என்கிறோம். அவை சூழ்ந்திருப்பதால் காந்தத் தன்மை சற்றே மாறுகிறது. ஒரே ஓர் ஒளித்துகள் போய் வருகிற எளிய நிகழ்வைக் கணக்கிட்டால் கிடைப்பதே ஷ்விங்கரின் கோவை. ஜியிலிருந்து இரண்டைக் கழித்துப் பாதியாக்கினால் கிடைக்கும் மிச்சம் அது. அடுத்தடுத்த இலக்கங்களுக்கு இன்னும் சிக்கலான நிகழ்வுகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். தோயிச்சிரோ கினோஷிதா என்ற ஜப்பானிய–அமெரிக்க அறிஞர் தம் வாழ்வின் பெரும்பகுதியை இந்தச் சேர்த்தலுக்கே கொடுத்தார். 2012-இல் அவரும் அவருடைய குழுவினரும் முடித்த ஒரு கட்டத்தில் மட்டும் 12,672 வரைபடங்களைத் தனித்தனியே கணக்கிட வேண்டியிருந்தது. அவர் 2023-இல், 98 வயதில் மறைந்தார்.

எலெக்ட்ரானுக்கு இந்த எண்ணை வியக்கத்தக்க துல்லியத்தில் அளந்தாயிற்று. பிறகு எதற்கு மியூவான்?

மியூவான் எலெக்ட்ரானின் கனத்த உடன்பிறப்பு. மின்னூட்டம், தற்சுழற்சி எல்லாம் ஒன்றே. நிறை மட்டும் 207 மடங்கு. 1936-இல் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மேயரும் விண்கதிர்களில் இதைக் கண்டார்கள். அப்போதிருந்து இயற்கைக்கு இப்படியொரு துகள் எதற்கு என்ற கேள்வி தீரவில்லை. நமக்கு இது அந்நியமானதும் இல்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினால் ஏறத்தாழ நொடிக்கு ஒன்று வீதம் வானிலிருந்து வந்து துளைத்துக்கொண்டு போகிறது. உதகமண்டலத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் 560 சதுர மீட்டர் பரப்பில் கருவிகளை விரித்து இந்த மியூவான்களைத்தான் இரவும் பகலும் எண்ணுகிறது. 2014 டிசம்பரில் மலைமேல் கடந்துபோன ஓர் இடிமேகத்துக்குள் நூறு கோடி வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம் இருந்ததை, மியூவான் எண்ணிக்கை சற்றுக் குறைந்ததை வைத்தே அவர்கள் கண்டுபிடித்தார்கள். நீலகிரியில் நடந்த அந்த வேலையைப் பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுத வேண்டும். இங்கே தொட்டுவிட்டு நகர்கிறேன்.

வெற்றிடத்தில் மறைந்திருக்கும் கனமான துகள்களின் தாக்கம், அதை உணரும் துகளின் நிறையினுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. 207-ஐ 207-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 43,000. ஆகவே நாம் இன்னும் அறியாத ஏதோவொரு கனத்த துகள் இருக்குமானால், எலெக்ட்ரானைவிட மியூவானில் அதன் தடம் 43,000 மடங்கு ஆழமாகப் பதியும். நாம் அறிந்த எல்லாத் துகள்களையும் விசைகளையும் (ஈர்ப்பு நீங்கலாக) சொல்லும் கோட்பாட்டை நியம மாதிரி என்கிறோம். அதன்படி மியூவானின் எண்ணைக் கணக்கிட்டு, அளந்த எண்ணிலிருந்து கழித்தால் மிஞ்சுவது சுழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மாதிரியில் இல்லாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.

சிக்கல், மியூவான் 2.2 மைக்ரோநொடியில் சிதைந்துவிடுகிறது என்பது. ஒரு நொடியைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் அதில் இரண்டு கூறு. அதற்குள் அளக்க வேண்டும். 1950-களின் இறுதியில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் வேலை தொடங்கியது. முதலில் ஆறு மீட்டர் நீளக் காந்தம். பிறகு மியூவான்களை வட்டமாக ஓடவிடும் ஒரு வளையம். 1970-களில் 14 மீட்டர் விட்டமுள்ள இன்னொரு வளையம். இந்தக் கடைசி வளையத்தில்தான் இந்தக் கதையின் மிக அழகான தந்திரம் வந்தது. மியூவான்கள் மேலும் கீழும் சிதறிப் போகாமல் பிடித்து நிறுத்த மின்புலம் வேண்டும். ஆனால் மின்புலம் தலையாட்டத்தையும் கலைத்துவிடும். மியூவானின் உந்தம் 3.09 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் அளவில் இருந்தால் மட்டும் அந்தக் கலைப்பு தானாகவே ரத்தாகிவிடுகிறது என்று கண்டார்கள். மாய உந்தம் என்றே அதற்குப் பெயர். அந்த வேகத்தில் ஓடும்போது, ஐன்ஸ்டைன் சொன்ன காலநீட்சியால், மியூவானின் ஆயுள் 64 மைக்ரோநொடியாக நீள்கிறது. அதுவும் அளப்பவர்களுக்கு வரம்.

அளக்கும் முறையில் இயற்கை இன்னொரு உதவியும் செய்கிறது. நேர்மின்னூட்ட மியூவான் சிதையும்போது ஒரு பாசிட்ரானை வெளியிடும். ஆற்றல் மிகுந்த பாசிட்ரான்கள் பெரும்பாலும் மியூவானின் காந்த அச்சு எந்தப் பக்கம் நோக்கியிருந்ததோ அந்தப் பக்கமாகவே பாயும். ஆகவே வளையத்தின் உட்புறம் கருவிகளை வைத்துப் பாசிட்ரான்களை எண்ணினால், எண்ணிக்கை ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும். அந்த ஏற்ற இறக்கத்தின் தாளமே தலையாட்டத்தின் தாளம். மியூவான் வளையத்தை 29 முறை சுற்றிவரும் நேரத்தில் அதன் காந்த அச்சு, ஓடும் திசையை ஒப்பிட்டால், ஒரு முறை கூடுதலாகத் திரும்பியிருக்கும். ஜி சரியாக இரண்டாக இருந்தால் இந்தக் கூடுதல் திருப்பமே இருக்காது. நாம் தேடும் மிச்சத்தைக் கழிக்காமலே நேரடியாகக் கையில் தருகிறது இந்த ஏற்பாடு.

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வகம் 1997 முதல் 2001 வரை இதே முறையில், மீக்கடத்திச் சுருள்கள் கொண்ட புதிய வளையத்தில் அளந்தது. 2001 பிப்ரவரியில் அவர்கள் வெளியிட்ட எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2020. அன்றைய கோட்பாடு 1600-க்குச் சற்றுக் குறைவாகச் சொன்னது. இடைவெளி பெரிது. அறியாத துகளின் வாசனை என்று உலகமெங்கும் கட்டுரைகள் குவிந்தன.

அந்த ஆண்டு நவம்பரில் மார்செய் நகரத்திலிருந்து மார்க் க்னெஹ்ட், ஆந்திரேயாஸ் நிஃபெலர் என்ற இருவர் கோட்பாட்டுக் கணக்கின் ஒரு சிறு பகுதியைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஒளி ஒளியில் மோதிச் சிதறுகிற நிகழ்வில் வலுவிசைத் துகள்களின் பங்கு அது. அளவு ஏறக்குறைய சரியாகத்தான் வந்தது. குறி மட்டும் தலைகீழாக இருந்தது. எதிர்மறை என்று இருந்தது நேர்மறையாக வந்தது. அந்தக் கணக்கைச் செய்தவர்களில் ஒருவர் கினோஷிதா. அவரும் மசாஷி ஹயகாவாவும் தங்கள் கணக்கைத் திரும்பப் பார்த்து, பயன்படுத்திய கணினி நிரலில் ஒரு குறியீட்டு வழக்கம் தாங்கள் நினைத்ததற்கு மாறாக இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். தவற்றை வெளிப்படையாக எழுதினார்கள். குறி மாறியதும் கோட்பாட்டு எண் ஏறத்தாழ 170 அலகு (நான்கு இலக்கங்களில் கடைசியானதில் ஒன்று ஓர் அலகு) மேலே வந்தது, இடைவெளி சுருங்கியது.

எனக்கு இந்தப் பகுதி எப்போதும் நெகிழ்ச்சியைத் தரும். பன்னிரண்டாயிரம் வரைபடங்களைப் பிழையின்றிக் கணக்கிடக்கூடிய மனிதர், ஒரு கழித்தல் குறி தவறியதை ஒப்புக்கொண்டு, அடுத்த நாள் மேசைக்குத் திரும்பி, மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் அதே வேலையைத் தொடர்ந்தார். அறிவியலின் நேர்மை இத்தகைய மனிதர்களிடமிருந்தே வருகிறது.

தரவு சேரச் சேரப் புரூக்ஹேவன் எண் 2089 என்று நிலைகொண்டது. பிழை எல்லை இருபுறமும் 63. கோட்பாட்டோடு இடைவெளி மீண்டும் அகலமாகத் தெரிந்தது. ஆனால் உறுதியாகச் சொல்லப் போதாது. மேலும் மியூவான்கள் வேண்டும். அவை ஃபெர்மி ஆய்வகத்தில் கிடைக்கும். புதிதாக வளையம் செய்வதைவிட இருப்பதைக் கொண்டுபோவது மலிவு என்று கணக்கிட்டார்கள்.

2013 ஜூன் மாதம் அந்தச் சுருள் வளையம் கிளம்பியது. ஏறத்தாழ 15 மீட்டர் அகலம். பிரிக்க முடியாது, பிரித்தால் மீக்கடத்திச் சுருள் வீணாகிவிடும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கிக்கொள்ளவும் கூடாது. அப்படியே தூக்கிப் படகில் வைத்து, அட்லாண்டிக் கரையோரமாகக் கீழிறங்கி, ஃபுளோரிடாவைச் சுற்றி, மெக்சிகோ வளைகுடா வழியே ஆறுகளுக்குள் நுழைந்து, மிசிசிப்பியில் ஏறி, இல்லினாய் மாநிலம் வரை கொண்டுபோனார்கள். 5,000 கிலோமீட்டருக்கும் மேல். கடைசித் தொலைவை இரவு நேரங்களில் நெடுஞ்சாலைகளை மூடிவிட்டு, பல சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஊர்ந்து கடந்தார்கள். தேர் நிலைக்கு வருவதைப் பார்க்கக் கூடுவதுபோல வழியோரம் மக்கள் கூடி நின்றார்கள். ஜூலை 26 அன்று வளையம் ஆய்வகத்துக்குள் வந்து சேர்ந்தது.

பிறகு ஆண்டுக்கணக்கில் கைவேலை. காந்தப்புலம் 1.45 டெஸ்லா. வளையத்தின் 44.7 மீட்டர்ச் சுற்றளவெங்கும் அது ஒரே சீராக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மெல்லிய இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாக வெட்டி, கையால் பொருத்தி, அளந்து, மீண்டும் திருத்திப் புலத்தைச் சமப்படுத்தினார்கள். அளவுகருவிகளை ஏற்றிய ஒரு சிறு தள்ளுவண்டி மியூவான் ஓடும் அதே பாதையில் சில நாட்களுக்கு ஒருமுறை ஓடிப் புலத்தைச் சோதித்தது. வளையத்துக்குள் 24 இடங்களில் ஈயஃபுளோரைடுப் படிகங்கள் பாசிட்ரான்களுக்காகக் காத்திருந்தன.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கண்கட்டுதான். விடை எங்கே வர வேண்டும் என்று தெரிந்தால் மனிதமனம் அங்கே போய் நின்றுகொள்ளும். பொய் சொல்ல வேண்டியதில்லை. விரும்பிய இடத்தில் எண் வந்ததும் பிழை தேடுவதை நிறுத்திவிட்டாலே போதும். இதைத் தடுக்க, சோதனையின் தலைமைக் கடிகாரத்தின் உண்மையான வேகத்தை ஆய்வுக் குழுவிடமிருந்தே மறைத்தார்கள். 40 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் ஏதோ ஓர் எண் என்பது மட்டும் தெரியும். குழுவில் இல்லாத இருவர் கடிகாரத்தை அமைத்து, எண்ணை உறையிலிட்டு வைத்துக்கொண்டார்கள். நேரமே சரியாகத் தெரியாமல் தலையாட்டத்தின் வேகத்தை அளந்தால், வருகிற விடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பகுப்பாய்வு எல்லாம் முடிந்து, இனித் திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்று குழு முழுவதும் ஒப்புக்கொண்ட பிறகே உறை திறக்கப்படும்.

2021 பிப்ரவரியில் முதல் உறை திறந்தது. பெருந்தொற்றுக் காலம். பல நாடுகளில் இருந்த ஆய்வாளர்கள் காணொலியில் கூடியிருந்தார்கள். மறைத்த எண்ணைக் கணினியில் இட்டதும் வந்த கடைசி நான்கு இலக்கம்: 2040. பிழை எல்லை 54. புரூக்ஹேவன் சொன்னதோடு பொருந்துகிறது. இரண்டையும் சேர்த்தால் 2061, பிழை எல்லை 41. உலகெங்கும் 130-க்கும் மேற்பட்ட கோட்பாட்டாளர்கள் கூடி 2020-இல் ஒப்புக்கொண்ட எண்ணோ 1810, பிழை எல்லை 43. இவ்வளவு இடைவெளி தற்செயலாக வரும் வாய்ப்பு 40,000-இல் ஒன்று.

ஏப்ரல் 7 அன்று இது அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் புதிய விசை, புதிய துகள் என்றெல்லாம் எழுதின. அதே நாளில் நேச்சர் ஆய்விதழில் இன்னொரு கட்டுரையும் வந்தது. அதைக் கவனித்தவர்கள் குறைவு. புடாபெஸ்ட், மார்செய், வுப்பர்டால் ஆகிய ஊர்களின் பெயரால் அறியப்படும் குழு எழுதியது. அவர்கள் கணக்குப்படி கோட்பாட்டு எண் 1810 இல்லை. அதைவிடக் கணிசமாக மேலே, சோதனைக்கு அருகே வருகிறது.

கோட்பாடு ஒன்றுதானே, எப்படி இரண்டு விடை? இந்தக் கேள்வியில்தான் முழு வழக்கும் இருக்கிறது.

கோட்பாட்டு எண்ணில் மிகப் பெரும் பங்கு, 99.99 விழுக்காட்டுக்கும் மேல், மின்காந்தத்தால் வருவது. கினோஷிதாவின் வாழ்நாள் உழைப்பு அது. அங்கே ஐயம் இல்லை. சிறு பங்கு மென்விசையால்; அதுவும் தெளிவு. தொல்லை தருவது வலுவிசை. மெய்நிகர் ஒளித்துகள் ஒன்று ஒரு கணம் குவார்க்குகளாகப் பிரிந்து மீண்டும் சேரும்போது அதன் பங்கு ஏறத்தாழ 7,000 அலகு. மொத்த எண்ணில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நம் வழக்கே சில நூறு அலகுகளைப் பற்றியது. குவார்க்குகள் ஒன்றையொன்று மிக வலுவாகப் பிடித்திருப்பதால், ஷ்விங்கர் செய்ததுபோலத் தாளில் வரிவரியாகக் கூட்டிக்கொண்டே போகும் முறை இங்கே பலிக்காது.

பல பத்தாண்டுகளாக இதற்குச் சுற்றுவழி ஒன்று இருந்தது. ஒளித்துகள் குவார்க்குகளாக மாறுவதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிப் பையான் போன்ற துகள்களை உண்டாக்கும் நிகழ்வு கிடைக்கிறது. அதை மோதல் ஆய்வகங்களில் அளக்கலாம். ஒவ்வோர் ஆற்றலிலும் எத்தனை முறை நிகழ்கிறது என்று அளந்து, உரிய எடைகொடுத்துக் கூட்டினால், வெற்றிடத்தில் நடப்பதன் அளவு கிடைத்துவிடும். இத்தாலியின் ஃபிராஸ்காட்டியில், கலிஃபோர்னியாவில், சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் என்று பல இடங்களில் அளந்தார்கள். 2020-இன் 1810 என்ற எண் இப்படி வந்தது. அதைக் கோட்பாட்டின் கணிப்பு என்று அழைத்தோம். உண்மையில் அது பாதிக் கோட்பாடு. மீதிப் பாதி வேறு சோதனைக்கூடங்களின் அளவீடு. அந்த அளவீடுகளுக்குள்ளும் சிக்கல் இருந்தது. பையான் இணை உண்டாகும் நிகழ்வில் ஃபிராஸ்காட்டியின் எண்ணும் கலிஃபோர்னியாவின் எண்ணும் அவற்றின் பிழை எல்லை அனுமதிப்பதைவிட அதிகமாக விலகியே இருந்தன. அந்த விலகலை அப்போது பிழை எல்லையைச் சற்று விரித்து உள்ளடக்கினார்கள். இன்று பார்க்கும்போது, அது கொடுத்த எச்சரிக்கைக்கு இன்னும் கூடுதல் கவனம் கொடுத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

ஐரோப்பியக் குழு போனது வேறு வழி. வெளியையும் காலத்தையும் சதுரங்கப் பலகைபோலக் கட்டங்களாகப் பிரித்து, குவார்க்குகளை அந்தக் கட்டங்களில் வைத்து, வலுவிசையின் சமன்பாட்டை மீக்கணினியில் நேரடியாக ஓட்டுவது. மோதல் தரவு எதுவும் வேண்டாம். கட்டத்தின் இடைவெளி புரோட்டானின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போக வேண்டும். பலகையோ பல புரோட்டான்கள் கொள்ளும் அளவு பெரிதாக இருக்க வேண்டும். கோடிக்கணக்கான செயலி-மணிகளைத் தின்னும் கணக்கு. இதே முறையில் பிற்பாடு ஒளி–ஒளிச் சிதறலையும் கணக்கிட்டார்கள். 2001-இல் திருத்திய குறி நேர்மறையே என்று அதுவும் உறுதி செய்தது.

ஒரே குழுவின் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மற்றக் குழுக்கள் வேறு நிரல்களோடும் வேறு கட்ட அமைப்புகளோடும் இறங்கின. கணக்கு முழுவதையும் உடனே செய்ய முடியாததால், நடுப்பகுதியில் ஒரு சன்னலை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள். 2022 வாக்கில் அந்தச் சன்னலில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள். மோதல் தரவு சொன்னதைவிட மேலே.

2023 பிப்ரவரியில் நோவோசிபிர்ஸ்கிலிருந்து சிஎம்டி-3 என்ற கருவியின் புதிய அளவீடு வந்தது. பையான் இணை முன்பு அளந்ததைவிட அடிக்கடி உண்டாகிறது என்றார்கள். அதை மட்டும் நம்பினால் கோட்பாட்டு எண் சோதனைக்கு அருகே வந்துவிடும். ஆனால் அது ஃபிராஸ்காட்டியோடும் கலிஃபோர்னியாவோடும் பொருந்தவில்லை. அதே ஆய்வகத்தில் இயங்கிய முந்தைய கருவியான சிஎம்டி-2-இன் எண்ணோடும் பொருந்தவில்லை. குழுவினர் மற்ற ஆய்வாளர்களின் நீண்ட கேள்விகளுக்கு வரிவரியாகப் பதில் சொன்னார்கள். தவறு எங்கே என்று ஒருவராலும் விரல்வைத்துக் காட்ட முடியவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஃபெர்மி ஆய்வகம் பிழை எல்லையைப் பாதிக்கும் கீழே குறைத்து மீண்டும் அறிவித்தது: 2055. எண் பெரிதாக நகரவில்லை. அதற்கு முந்தைய மாதமே வளையம் தன் கடைசி மியூவான்களை ஓட்டி முடித்திருந்தது. புரூக்ஹேவன் சேர்த்ததைப்போல் 21 மடங்குக்கும் மேலான தரவு கையில் இருந்தது.

2025 மே மாத இறுதியில் கோட்பாட்டாளர்கள் தங்கள் புதிய வெள்ளையறிக்கையை வெளியிட்டார்கள். வலுவிசைப் பங்குக்கு இம்முறை மோதல் தரவை எடுத்துக்கொள்ளவில்லை. அவை ஒன்றோடொன்று முரண்படுவதால் சராசரி காண்பதில் பொருளில்லை என்று முடிவு செய்து, கட்டக் கணக்குகளின் கூட்டு விடையை எடுத்துக்கொண்டார்கள். எண்: 2033. பிழை எல்லை 62. ஒரு வாரம் கழித்து ஃபெர்மி ஆய்வகம் தன் கடைசி எண்ணை அறிவித்தது: 2070. பிழை எல்லை 15. நூறு கோடியில் 127 பங்கு என்ற துல்லியம். இரண்டுக்கும் இடைவெளி 40 அலகுகூட இல்லை. நியம மாதிரியோடு சோதனை பொருந்துகிறது.

புதிய இயற்பியல் கைநழுவியது என்று பல தலைப்புகள் வருந்தின. அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சோதனைப் பக்கம்: 2089, 2040, 2055, 2070. இருபது ஆண்டுகளில், இரண்டு ஆய்வகங்களில், கண்ணைக் கட்டிக்கொண்டு அளந்தும், பிழை எல்லைக்குள்ளேயே நின்றிருக்கிறது. நகர்ந்தது கோட்பாட்டுப் பக்கம். அது நகர்ந்ததும் கோட்பாட்டின் அடித்தளம் தவறியதால் இல்லை. அதற்குள் இருந்த மற்றச் சோதனைகளில் எதை நம்புவது என்ற முடிவு மாறியதால். கட்டக் கணக்கு மட்டும் வந்திராவிட்டால், இன்றைக்கு நாம் பழைய 1810-ஐ வைத்துக்கொண்டு இல்லாத ஒரு துகளைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கக்கூடும். கணக்கில் நாற்பது ஆண்டுகளாகப் பழகிய ஒரு சுற்றுவழியின் மீதே ஐயம் கொண்டு, அது தேவைப்படாத நேர்வழியைக் கடும் உழைப்பால் கட்டியெழுப்பியவர்களின் வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வழக்கு முடிந்துவிடவும் இல்லை. சோதனையின் பிழை எல்லை 15, கோட்பாட்டினுடையது 62. நான்கு மடங்கு மங்கலான கண்ணாடி வழியாகத்தான் இப்போது ஒப்பிடுகிறோம். அந்த மங்கலுக்குள் சிறிய விலகல் ஒன்று மறைந்திருக்க இடம் இருக்கிறது. மோதல் தரவுகள் ஏன் முரண்படுகின்றன என்பதற்கும் விடை வர வேண்டும். நோவோசிபிர்ஸ்க் சரியென்றால் மற்ற ஆய்வகங்கள் எதைத் தவறவிட்டன? அவை சரியென்றால் நோவோசிபிர்ஸ்கில் என்ன நடந்தது? ஃபிராஸ்காட்டியில் 2000-களின் நடுவில் திரட்டி வைத்த, இந்தக் கணக்குக்கு முன்பு பயன்படாத தரவை எடுத்து மறுபடியும் பகுத்துப் பார்க்கும் வேலை தொடங்கியிருக்கிறது. செர்னில் மியூவான்களை எலெக்ட்ரான்கள் மீது மோதவிட்டு வலுவிசைப் பங்கை மூன்றாவது வழியில் அளக்கும் மியூவான்-இ என்ற சோதனைக்குக் கருவிகள் தயாராகின்றன. ஜப்பானின் ஜே-பார்க் வளாகத்தில், மியூவான்களை ஏறத்தாழ நிற்கும் அளவுக்கு மெதுவாக்கி, பின் மீண்டும் முடுக்கி, மாய உந்தமே தேவைப்படாத சிறு வளையத்தில் அதே எண்ணை அளக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். 66 சென்டிமீட்டர் விட்டம்தான் அதற்கு.

கோட்பாட்டாளர்களின் வேலைமுறையும் இதற்கிடையில் மாறிவிட்டது. கட்டக் கணக்கு செய்யும் குழுக்கள் இப்போது தங்கள் எண்களைத் தாங்களே மறைத்துக்கொள்கின்றன. குழுவுக்குள் ஒருவர் ஒரு ரகசியப் பெருக்கெண்ணால் எல்லாத் தரவையும் மாற்றிக் கொடுக்கிறார். மற்றவர்கள் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து, ஒருவர் வேலையை மற்றவர் பாராமல் கணக்கை முடிக்கிறார்கள். எல்லோரும் முடித்துவிட்டோம் என்று சொன்ன பிறகு ஒரு நாள் குறித்து, கூடி உட்கார்ந்து, பெருக்கெண்ணை வெளியே எடுக்கிறார்கள்.